2024 கோடைப் படங்கள்: பழைய படத்துக்கு ஹவுஸ்ஃபுல், புதுப் படத்துக்குப் பதினோரு பேர்

ஓரச்சீட்டு | ஜூன் 23, 2024

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. மகனின் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, பெயர் ஒட்டி முடித்தாயிற்று. இனி தைரியமாகக் கோடைக் கணக்கைப் பார்க்கலாம். ஏப்ரலிலிருந்து நீங்கள் தியேட்டரில் பார்த்ததில் எது தேறியது, எது தேறவில்லை? வீட்டில் படுத்துக்கொண்டு பார்த்த ஓடிடி கதையெல்லாம் இங்கே வேண்டாம். 'மகாராஜா' இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், அதனால் திருப்பத்தை உடைக்காதீர்கள்.

முதலில் என் கணக்கு. ஏழு படம் பார்த்தேன். எனக்குப் பிடித்த படத்தை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டீர்கள்: 'குரங்கு பெடல்'. ராசி அழகப்பனின் சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் எடுத்தது. கோடை லீவில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகும் பையன், சைக்கிளே ஓட்டத் தெரியாமல் எங்கும் நடந்தே போகும் அப்பாவாகக் காளி வெங்கட். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு பார்ப்பதற்கென்றே செய்தது போன்ற படம். மே 3 அன்று வந்தது. அதே நாளில்தான் பேய்ப் படமான 'அரண்மனை 4'உம் வந்தது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரோட்டு வெயில், வண்டி சீட்டில் உட்கார முடியவில்லை. கவுண்டரில் இருந்தவர், "பத்து டிக்கெட் ஆனாத்தான் சார் போடுவோம், கொஞ்சம் நிழல்ல நில்லுங்க" என்றார். நின்றோம். மகன் வருகிறவர்களை எண்ண ஆரம்பித்துவிட்டான். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதாக வந்த குடும்பத்தைப் பார்த்து "வாங்க வாங்க" என்று அவனே கூப்பிட்டான், அவர்கள் நேராகப் பக்கத்து ஸ்கிரீனுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் வேட்டி கட்டிய இரண்டு பெரியவர்கள் வந்து எண்ணிக்கையைப் பதினொன்றாக்கினார்கள். அவர்களும் ஏசிக்காகத்தான் வந்தார்கள் என்பது என் சந்தேகம். ஆனால் படம் பாதி போனபோது அதில் ஒருவர் இன்னொருவரிடம் ஒரு மணி நேர வாடகை எவ்வளவு கொடுத்தோம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள் பாருக்கு அடியில் காலை விட்டுப் பையன் மிதிக்கப் பழகும் இடம் மெதுவாக, அமைதியாகப் போகும். எங்களுக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேய் அலறிக்கொண்டே இருந்தது.

---

மிட்நைட் டீ | ஜூன் 23

எனக்கு இந்தக் கோடை என்றால் 'கில்லி'தான், வேறு எதுவும் கிடையாது. ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டேன், மை காய்வதற்குள் மறுநாள் ரீ-ரிலீஸான 'கில்லி'. 2004இல் படம் வந்தபோது எனக்கு இரண்டு வயது. டிவியில் குறைந்தது ஐம்பது தடவை பார்த்திருப்பேன். வசனம் வருவதற்கு முன்னாடியே தியேட்டர் முழுக்கச் சொல்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை. 'அப்படிப் போடு' வந்தபோது நான் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருத்தன்கூட உட்கார்ந்திருக்கவில்லை. திரைக்கு முன்னால் ஆடினவர்களில் ஒருவருக்குச் செருப்பு ஒன்று தொலைந்துபோனது, படம் முடிந்தும் தேடிக்கொண்டிருந்தார்.

மற்றபடி 'ரத்னம்' பார்த்தேன். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

---

நாலாவது ரீல் | ஜூன் 23

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. இருபது வருஷத்துக்கு முந்தைய படம், அதுவும் தெலுங்கு 'ஒக்கடு'வின் ரீமேக், ஒரு சீசனின் பெரிய கொண்டாட்டமாக இருந்தது என்றால் அது அந்தப் படத்துக்குப் பெருமை. இன்றைய தமிழ் சினிமாவுக்குக் கேவலம். தமிழ்ப் புத்தாண்டுக்கு நமக்கு என்ன கிடைத்தது? 'ரோமியோ', 'டியர்'. இரண்டும் தப்பான படங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சித்திரை ஒன்றுக்கு வேட்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிப் போகிற படங்களா அவை?

ஏப்ரலில் வருவதாக இருந்த 'தங்கலான்' தள்ளிப்போனது. மே 9 என்று சொன்ன 'கல்கி' ஜூன் 27க்குப் போனது. ஜூனில் வரவேண்டிய 'இந்தியன் 2', 'ராயன்' இரண்டும் இப்போது ஜூலை. எல்லோரும் தேர்தலுக்கும் ஐபிஎல்லுக்கும் பயந்து ஓடினார்கள். ஓடினவர்கள் விட்டுப்போன இடத்தில் 'கில்லி' வேலு வந்து கபடி ஆடிவிட்டுப் போனான்.

---

கேபின் ஜன்னல் | ஜூன் 23

உள்ளேயிருந்து ஒரு குரல். எங்கள் குடும்பம் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு ஊரில் தியேட்டர் நடத்துகிறது. ஊர் பெயர் வேண்டாம், பெரிய ஊர் இல்லை.

ஐபிஎல்லை எல்லோரும் சாக்கு என்று நினைக்கிறீர்கள். இல்லை. சென்னை ஆடுகிற நாளில் ஃபர்ஸ்ட் ஷோவுக்கு ஆள் வராது, அது எங்கள் கல்லாவில் தெரியும். மே 18 ராத்திரி பெங்களூரிடம் தோற்று சென்னை வெளியேறியபோது ஊரே சோகமாக இருந்தது. நானும் ரசிகன்தான். ஆனால் அப்பா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பைப் பார்த்தேன், சத்தியமாக.

'கில்லி' கதைக்கு வருகிறேன். அதில் எங்களுக்கு என்ன வசதி என்றால், பெரிய ஸ்டாரின் புதுப் படம் போல எம்.ஜி. (மினிமம் கேரண்டி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் முன்கூட்டியே தரும் தொகை) கட்டிவிட்டு மூன்றாவது நாள் தலையில் கை வைக்க வேண்டியதில்லை. வந்த பணத்தில் பங்கு, அவ்வளவுதான். கேன்டீனில் அன்றைக்கு மதியமே பாப்கார்ன் சோளம் தீர்ந்துபோய் ஆள் அனுப்பி வாங்கிவந்தோம். அதைப் பார்த்துவிட்டு அஜித் பிறந்தநாளான மே 1க்கு 'தீனா', 'பில்லா' போட்டார்கள். இனி ஒவ்வொரு நடிகரின் பிறந்தநாளுக்கும் ஏதாவது ஒன்றைத் தூசி தட்டி எடுப்பார்கள். எல்லாம் 'கில்லி' ஆகாது.

@ஓரச்சீட்டு: பத்து டிக்கெட் கதையைப் படித்து வருத்தமாக இருந்தது. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஏசியும் புரொஜக்டரும் ஓடினால் கரண்ட் பில் எகிறுகிறது, நாலு பேருக்காக ஓட்ட முடியாது. 'குரங்கு பெடல்' எங்களுக்கு வரவே இல்லை. அதாவது, கேட்டார்கள், நாங்கள்தான் வேண்டாம் என்றோம். அந்த வாரம் நாலு ஷோவும் 'அரண்மனை'தான்.

---

கண்ணாடி வளையல் | ஜூன் 24

'கில்லி' முதலில் வந்தபோது நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். அண்ணன் கூட்டிக்கொண்டு போனான். இந்தத் தடவை நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன், ஒன்பது வயது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அதை மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வில்லன் முத்துப்பாண்டி "செல்லம்" என்று சொல்லும்போதெல்லாம் தியேட்டரே கைதட்டியது. நானும் தட்டினேன், பிரகாஷ்ராஜ் அப்படி நடித்திருக்கிறார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவன்தானே அந்த அக்காவோட அண்ணனைக் கொன்னான்? அப்புறம் ஏன் எல்லாரும் தட்டுறாங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. "சும்மா ஜாலிக்கு" என்றேன். அவள் அதற்கப்புறம் பாப்கார்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அரண்மனை 4'ஐ இங்கே யாரும் அடிப்பதற்கு முன் நான் முந்திக்கொள்கிறேன். அது நல்ல படமா என்று கேட்டால் சொல்ல மாட்டேன். ஆனால் மே மாதம் மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார், ஊரிலிருந்து வந்த நாத்தனார் எல்லோரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சிரிக்கவைத்துக் கொண்டுவர வேறு என்ன படம் இருந்தது? அந்தப் 'பாக்' பேய் அசாம் பக்கத்துக் கதையிலிருந்து எடுத்தது என்கிறார்கள். என் மாமியாருக்கு அது நம்ம ஊர் முனி போலத்தான் இருந்தது. கடைசிப் பாட்டில் குஷ்புவும் சிம்ரனும் வந்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அம்மனுக்கா சிம்ரனுக்கா என்று தெரியவில்லை.

---

வாளையார் செக்போஸ்ட் | ஜூன் 24

எல்லோரும் தமிழ்ப் படத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பிப்ரவரியிலிருந்து நம் தியேட்டர்களின் மானத்தைக் காப்பாற்றியது யார்? மலையாளப் படங்கள்தான். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பிப்ரவரி 22 வந்து ஏப்ரலிலும் ஓடிக்கொண்டிருந்தது. டப்பிங்கூட இல்லை. கொடைக்கானல் வந்தபிறகு பாதி வசனம் தமிழ்தான், மீதிக்கு சப்டைட்டிலும் தேவைப்படவில்லை. குழியிலிருந்து நண்பன் சுபாஷை மேலே தூக்கும்போது 'கண்மணி அன்போடு' வரும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். 1991இல் 'குணா' வந்தபோது அந்தப் பாட்டைக் காதல் பாட்டாகக் கேட்டோம். அதை நண்பர்களுக்கான பாட்டாக மாற்ற எர்ணாகுளத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

ஏப்ரல் 11 'ஆவேஷம்'. ஃபகத் ஃபாசில் வெள்ளைச் சட்டையும் கழுத்து நிறைய நகையுமாக வந்து நிற்பதைப் பார்க்கத்தான் நான் இரண்டு தடவை போனேன். அதே நாளில் வந்த 'வர்ஷங்களுக்கு சேஷம்' கோடம்பாக்கத்தைப் பற்றியது. சென்னைக்கு வந்து சினிமா கனவு காணும் கதை, அதையும் அவர்கள்தான் எடுக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. மே மாதம் வந்த 'குருவாயூரம்பல நடையில்' பார்த்தீர்களா? யோகி பாபு இருக்கிறார். ஆனால் தியேட்டரில் ஆட்டம் போட்டது 'அழகிய லைலா' பாட்டுக்கு. 1996 'உள்ளத்தை அள்ளித்தா'. இயக்குநர் யார்? சுந்தர் சி. ஆக மே மாதம் இங்கே 'அரண்மனை 4'உம் அவருடையது, அங்கே ஹிட்டான பாட்டும் அவர் படத்தினுடையது. அந்த மனிதருக்கு ஜாதகத்தில் கோடை உச்சம்.

---

நாலாவது ரீல் | ஜூன் 24

@வாளையார்: இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள். 'கில்லி' 2004, 'குணா' பாட்டு 1991, 'அழகிய லைலா' 1996. மலையாளிகள் நம் பழைய சரக்கை எடுத்துப் புதுப் படத்தில் பொருத்தமான இடத்தில் வைக்கிறார்கள். நாம் பழைய படத்தை அப்படியே 4கே செய்து போடுகிறோம். வித்தியாசம் புரிகிறதா?

---

மிட்நைட் டீ | ஜூன் 24

அண்ணா, அவர்கள் படத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. 'ஆவேஷம்' மே 9 அன்று ஓடிடியில் வந்துவிட்டது, சரியாக நாலு வாரம். அதற்கப்புறம் எங்கள் ஹாஸ்டலில் மெஸ், வராண்டா, பாத்ரூம் எங்கே போனாலும் ஃபகத்தின் ரங்கண்ணன் குரல்தான். தியேட்டரில் பார்த்தவர்களைவிட போனில் பார்த்தவர்கள்தான் அதிகம் ஆடினார்கள்.

சரி, 'ஸ்டார்' பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே? எனக்கு முதல் பாதி மிகவும் பிடித்தது. கவின் தாவணி கட்டிக்கொண்டு ஆடும் பாட்டு, அப்பாவாக வரும் லால். யுவன் இசை வேறு. இடைவேளையில் வெளியே வந்து நண்பனுக்கு போன் போட்டு "உடனே டிக்கெட் போடுடா" என்று சொன்னேன். இரண்டாம் பாதி முடிந்து வந்து மறுபடி போன் போட்டேன்.

---

கண்ணாடி வளையல் | ஜூன் 24

அந்த இரண்டாம் பாதியில் மனைவியாக வருகிற பெண்ணை அவன் நடத்தும் விதம்தான் எனக்கு ஆகவில்லை. கனவு காண்கிறவன் என்றால் வீட்டில் இருக்கிறவள் மேல் எரிந்து விழலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? படம் அவன் பக்கமே நின்றுவிட்டது.

---

கேபின் ஜன்னல் | ஜூன் 25

மே மாத நடுவில் எங்களிடம் வந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் உங்களுக்குப் போரடிக்கும். வாரத்துக்கு மூன்று படம் வந்தது, மூன்றும் செவ்வாய்க்கிழமைக்குள் படுத்தன. நடுவில் மழை வேறு. ராமராஜனின் 'சாமானியன்' வந்தபோது ஒரு பெரியவர் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். 'கரகாட்டக்காரன்' எங்கள் தியேட்டரில்தான் பார்த்தாராம். ஓடாத வாரத்திலும் இப்படி ஏதாவது ஒன்று நடக்கும், அதனால்தான் அப்பா விற்காமல் வைத்திருக்கிறார்.

மூச்சு வந்தது மே 31 'கருடன்' வந்தபோதுதான். சூரி இப்படி நிற்பார் என்று எங்கள் போஸ்டர் ஒட்டுகிறவர்கூட நம்பவில்லை. "காமெடியனுக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு பெரிய போஸ்டர்" என்றார். தேனிப் பக்கத்துக் கதை, கோயில் நிலம், சசிகுமாரும் உன்னி முகுந்தனும் நண்பர்கள், நடுவில் விசுவாசத்தில் மாட்டிக்கொண்ட சொக்கனாகச் சூரி. கதை நாம் பார்க்காததா? இல்லை. ஆனால் அவன் யார் பக்கம் நிற்கப்போகிறான் என்பதற்காகவே ஜனங்கள் சீட் நுனியில் இருந்தார்கள். கேபின் ஜன்னல் வழியாக நான் படத்தைப் பார்ப்பதில்லை, தலைகளைத்தான் பார்ப்பேன். போன் வெளிச்சம் எத்தனை தெரிகிறது என்பது எங்களுக்கு விமர்சனம். 'கருடன்' இடைவேளைக்கு முந்தைய பதினைந்து நிமிஷம் ஒரு வெளிச்சம்கூட இல்லை.

---

ஓரச்சீட்டு | ஜூன் 25

போன் வெளிச்சத்தை எண்ணும் முறை அருமை. இனி நானும் பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணப்போகிறேன்.

'மகாராஜா' ஜூன் 14 வந்தது. விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது. குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று ஒரு சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கிறார், இதற்கு மேல் சொல்ல மாட்டேன். இயக்குநர் நித்திலன் முன்னும் பின்னுமாகக் கலைத்துப்போட்ட காலம் கடைசியில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இடத்தில், தியேட்டரில் ஒரு "ஐயோ" கேட்டது. ஒருவர் இரண்டு பேர் சொன்னது இல்லை, எல்லா வரிசையிலிருந்தும் வந்தது. எனக்கு இந்தக் கோடையின் மிகச்சிறந்த நொடி அதுதான்.

என் வருத்தம் இதுதான்: பள்ளிக்கூடம் ஜூன் 10 திறந்தது. வெயிலுக்காக ஆறாம் தேதியிலிருந்து தள்ளிவைத்ததே நாலு நாள்தான். இந்த வருஷத்தின் இரண்டு உருப்படியான தமிழ்ப் படங்களில் ஒன்று லீவின் வாலில் வந்தது, இன்னொன்று லீவு முடிந்தே வந்தது. இரண்டுமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற படங்கள் இல்லை, ரத்தம் அப்படி. ஏப்ரல், மே இரண்டு மாதம் முழுக்க வீட்டில் "போரடிக்குதுப்பா" என்று சுற்றிச்சுற்றி வந்த ஒரு பட்டாளமே இருந்தது. அவர்களுக்கென்று எடுத்த ஒரே படத்துக்கு ஆளைச் சேர்க்க என் மகன் வாசலில் நின்று கூவ வேண்டியிருந்தது.

---

கண்ணாடி வளையல் | ஜூன் 26

'மகாராஜா'வை நானும் பார்த்தேன். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) எழுத்தில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, விஜய் சேதுபதி அடக்கி நடித்திருக்கிறார், எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட அந்த "ஐயோ", ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையை முடிச்சாகப் போட்டு அவிழ்க்கும்போது வந்தது. படம் முடிந்து வெளியே வந்த கூட்டம் "செம ட்விஸ்ட்" என்று பேசிக்கொண்டே போனது. அந்த வார்த்தை எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதற்காகப் படத்தைக் குப்பை என்று சொல்லவில்லை. கடைசியில் அந்தப் பெண் நிமிர்ந்து நின்று பேசுவதையும் பார்த்தேன். இருந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

---

ஓரச்சீட்டு | ஜூன் 26

அக்கா, நான் அதை அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை, உண்மை. முடிச்சு விழுந்த வேகத்தில் ஆடிப்போய்விட்டேன். இரண்டாம் தடவை பார்ப்பதாக இருந்தேன், இப்போது கொஞ்சம் யோசிக்கிறேன்.

---

நாலாவது ரீல் | ஜூன் 26

இங்கே நான் அக்கா பக்கமும் இல்லை, முழுக்க எதிர்ப் பக்கமும் இல்லை. கொடுமையைக் காட்டாமல் விடுவதும் ஒரு தப்பித்தல்தான். ஆனால் அதை ரசிகனுக்குப் புதிர் போட்டுக் கொடுப்பது வேறு. நித்திலனின் 'குரங்கு பொம்மை' பார்த்திருக்கிறீர்களா? அதிலும் ஒரு கொலை இருக்கிறது, அதைப் பாரதிராஜா முகத்தை வைத்தே நம்மைக் கலங்கடித்தார். புதிரும் இருந்தது, துக்கமும் இருந்தது. எனக்கு அது ஒரு படி மேல்.

அது இருக்கட்டும், ஒரே கோடையில் இந்த இழையில் மட்டும் இரண்டு குரங்குப் படங்களின் பெயர் வந்துவிட்டது.

---

மிட்நைட் டீ | ஜூலை 15, 2024

இழையை மறுபடி மேலே தூக்குகிறேன், மன்னிக்கவும். இது கோடைக் கணக்கில் சேருமா தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை 'இந்தியன் 2' போனேன். மூன்று மணி நேரம். @கேபின் ஜன்னல் அண்ணா சொன்ன மாதிரி பின்வரிசையில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தை எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன், ஏனென்றால் நானும் போனை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஹாலில் லைட்டை அணைத்துவிட்டு 'மகாராஜா' பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் ஓடிடியில் வந்திருக்கிறது, மறுபடியும் சரியாக நாலு வாரம். ஜூனில் "என்னையும் கூட்டிட்டுப் போடா" என்று இரண்டு தடவை கேட்டார், நான் "அடுத்த வாரம்மா" என்றேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "நீ ஒண்ணும் சொல்லிடாத, பேசாம உட்காரு" என்று கையைக் காட்டினார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்து முதலிலிருந்து ஓட்டினார். அந்த நகைக்கடைக் காட்சி எப்போது நடந்தது என்று பார்க்க வேண்டுமாம். ராத்திரி ஒன்றரை மணிக்கு இரண்டு பேரும் நோட்டில் வருஷம் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

---

கேபின் ஜன்னல் | ஜூலை 15

தம்பி, எங்களிடம் 'மகாராஜா' போன வியாழன் வரை ஒரு ஷோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து இல்லை. உங்கள் அம்மா மாதிரி நாலு வாரம் பொறுத்திருக்கிறவர்கள்தான் எங்கள் தொழிலின் பெரிய பிரச்சினை. அவரிடம் சொல்லிவிடாதே. 'ராயன்' ஜூலை 26 வருகிறது, முதல் வாரமே கூட்டிக்கொண்டு போ.